‘நோ குரோத்’ என்றால் கிருமியே இல்லையா? வாசகர் கேள்வி பதில்

போன மாதம் லேப் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி கோபம். வேலூரில் மைக்ரோபயாலஜி லேபில் முப்பது வருஷம் கிருமி வளர்க்கும் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான், திட்டு வாங்கிப் பழக்கம்தான். நம்ம பழைய வட ஆற்காடு ஊர்களிலிருந்து வந்தவற்றில் ஏழு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. எட்டு நாள் காய்ச்சல். தெருமுனை லேபில் விடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பிளட் கல்ச்சர் எடுத்து, ஐந்து நாள் காக்க வைத்து, ‘நோ குரோத்’ என்று தாளை நீட்டினார்கள். இப்போது மகன் நன்றாக இருக்கிறான். ஆனால் இரண்டில் எது பொய்? (வாசகி, குடியாத்தம்)

பதில்: பிள்ளை எழுந்து நடமாடுகிறானே, அது போதும் அம்மா. இரண்டில் எதையும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடாலை நான் அவ்வளவாக நம்புவதில்லை, அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கல்ச்சர், அதாவது ரத்தத்தைச் சத்துநீர் பாட்டிலில் விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. எதுவும் வளராவிட்டால் ‘நோ குரோத்’.

டைபாய்டு வந்தவர் ரத்தத்தில் கிருமி கொட்டிக் கிடக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். கிடையாது. ஒரு மில்லி ரத்தத்துக்கு ஒரு கிருமி இருக்கும், நிறைய பேருக்கு அதுவும் இருக்காது. ஒரு மூட்டை ஆரணி அரிசியில் நாலைந்து கல் கிடக்கிறது என்று வையுங்கள். ஒரு கைப்பிடி அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்துவிட்டு ‘கல் இல்லை’ என்று சொன்னால் சம்மதிப்பீர்களா? உங்கள் மகன் ரத்தத்தில் 10 மில்லிக்கு மூன்று கிருமி என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 2 மில்லி எடுத்தால், அந்தப் பாட்டிலில் ஒரு கிருமிகூட விழாமல் போக பாதிக்கு மேல் வாய்ப்பு. 10 மில்லி எடுத்தால் அந்த வாய்ப்பு இருபதில் ஒன்றாகக் குறைந்துவிடும். மெஷின் அதேதான், பாட்டிலும் அதேதான், ஊசி போடுகிறவர் எவ்வளவு இழுத்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதனால்தான் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, அதுவும் இரண்டு கையிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நடப்பது என்ன? ‘ஏற்கனவே சோர்ந்து கிடக்கிறான், இவ்வளவு ரத்தம் உறிஞ்சுகிறாயே’ என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அந்தப் பெண்ணும் பயந்து 3 மில்லியோடு நிறுத்திவிடுவாள். லேபுக்கு வரும் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ரத்தத்தின் மட்டம் கோட்டைத் தொட்டிருக்கவே இருக்காது.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களா? ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போனாலும் கிருமி பாதி செத்து, மீதி மயங்கிக் கிடக்கும், பாட்டிலில் வளராது. மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் ரெசின் மணிகள் போட்ட பாட்டில்கள் இருக்கின்றன, ஓரளவு உதவும். ஆனால் மாத்திரைக்கு முன்னால் எடுத்த ரத்தத்துக்கு ஈடு கிடையாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் டைபாய்டு உள்ள நூறு பேரில் சுமார் அறுபது பேருக்குத்தான் பிளட் கல்ச்சர் பிடித்துக் கொடுக்கும். எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் இன்னும் நன்றாகக் கிடைக்கும், ஆனால் இடுப்பெலும்பில் ஊசி குத்த யார் சம்மதிப்பார்கள்?

சரி, விடால். 1896ல் வந்த டெஸ்ட் அது. கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியைத் தேடுகிறது. நம்ம ஊரில் எத்தனை முறை எந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறோம், யாருக்குத்தான் கொஞ்சம் ஆன்டிபாடி இருக்காது? வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, அளவு நாலு மடங்கு ஏறியிருந்தால் கொஞ்சம் அர்த்தம் உண்டு. ஒரே ஒரு முறை ஸ்லைடில் கலக்கிப் பார்த்து ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவதை வைத்து நான் என் வீட்டுப் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் பக்கம் மலையடிவாரம், புதர், வயல். இனி ஐந்தாறு நாள் தாண்டிய காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். பீடியால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு ஒன்று, வலியில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது, வேலூர் வட்டாரத்தில் மழைக்காலம் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்தக் கிருமி உயிருள்ள செல்லுக்குள்தான் வளரும், பிளட் கல்ச்சர் பாட்டிலில் ஐந்து நாள் என்ன, ஐம்பது நாள் வைத்தாலும் ‘நோ குரோத்’தான். அதற்கு ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா டெஸ்ட் வேண்டும், அல்லது அந்தப் பொருக்கையே எடுத்து, கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். போட வேண்டும். எல்லோருக்கும் பொருக்கு இருக்கும் என்றும் இல்லை. டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள், தப்பில்லை.

கேள்வி: மேடம், டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்து ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். யூரின் கல்ச்சர் போட்டால் பத்தில் ஆறு ‘மிக்ஸட் குரோத்’ (பல கிருமிகள் கலந்து வளர்வது) வருகிறது. டாக்டர் என்னைத்தான் திட்டுகிறார். கிருமி வளர்க்கும் மீடியாவை மாற்றிப் பார்த்தேன், யூரினைத் தொட்டு எடுக்கும் லூப்பை மாற்றிப் பார்த்தேன். என்ன செய்வது? (வாசகர், காட்பாடி)

பதில்: தம்பி, மீடியாவை விடு. உன் சாம்பிள் எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பி, எத்தனை மணிக்கு உன் மேஜைக்கு வருகிறது? கடிதத்தில் அதை எழுதவே இல்லை பார். கலெக்‌ஷன் சென்டரிலிருந்து ஒரு பையன் பைக்கில் கவரில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவருகிறான், நடுவில் டீ குடிக்கிறான், இன்னும் இரண்டு இடத்தில் ஏறி இறங்குகிறான், சரியா?

குடலில் வாழும் ஈ.கோலை மாதிரிக் கிருமி நல்ல சூட்டில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலை பத்து மணிக்கு ஒரு மில்லியில் நூறு கிருமி, அதுவும் தோலிலிருந்து ஒட்டி வந்த சும்மாக் கிருமி என்று வை. இரட்டித்துக்கொண்டே போனால் மூன்று மணி நேரத்தில் ஒன்பது தடவை, 512 மடங்கு. மதியம் ஒரு மணிக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் இருபது நிமிஷம் போனால் லட்சம். நாம் ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று எழுதும் எல்லையே மில்லிக்கு ஒரு லட்சம்தான்! உண்மையில் ஆரம்பத்தில் கொஞ்சம் மந்தமாகத்தான் வளரும், இவ்வளவு கச்சிதமாக இருக்காது. ஆனால் மே மாதத்தில் நம்ம ஊர் வெயிலில் இட்லி மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கி வழிகிறது என்று உங்கள் அம்மாவைக் கேள், புரியும்.

அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் பிளேட்டில் போடு. முடியாது என்றால் எடுத்தவுடனே 4 டிகிரியில் வை, 24 மணி நேரம் தாங்கும். சென்டரில் ஃப்ரிட்ஜ் இல்லையா? போரிக் ஆசிட் போட்ட கன்டெய்னர் கிடைக்கிறது, கிருமியைக் கொல்லாமல் அப்படியே நிறுத்தி வைக்கும். ஆனால் அதில் கோடு வரை யூரின் இருக்க வேண்டும், கால்வாசி நிரப்பினால் போரிக் ஆசிட் செறிவு அதிகமாகி கிருமியே செத்துவிடும்.

அடுத்து, நோயாளிக்கு என்ன சொல்கிறாய்? ‘மிட்ஸ்ட்ரீம்’ என்று சொன்னால் யாருக்குப் புரியும்? நான் இருந்த இடத்தில் ஒரு பாட்டி டப்பாவை வாங்கிப் போய், வராண்டாக் குழாயில் நன்றாகக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, அப்புறம் அதில் பிடித்துக் கொடுத்தார். சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான், பாவம். அன்றைக்கே டாய்லெட் கதவின் உள்பக்கம் நாலு படம் வரைந்து ஒட்டினோம்: உடம்பில் அந்த இடத்தைத் தண்ணீரில் கழுவு, முதலில் கொஞ்சம் விடு, நடுவில் பிடி, டப்பாவின் உள்ளே விரல் பட விடாதே. எழுத்து வேண்டாம், படம்தான் வேலை செய்யும்.

லூப் மாற்றினேன் என்கிறாய், எந்த லூப்? ஒரு மைக்ரோலிட்டர் லூப் என்றால் பிளேட்டில் ஒரு காலனிக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒரு கிருமிப் புள்ளிக்கு, மில்லியில் ஆயிரம் கிருமி என்று கணக்கு. வளையம் கொஞ்சம் நெளிந்தாலும், சாய்த்து முக்கினாலும், அந்த ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். நேராகப் பிடித்து, மேலாக மட்டும் தொட்டு எடு.

இன்குபேட்டரையும் பார். இதை என் தலையில் அடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன லேபில், சித்திரை வைகாசி மாதம் மட்டும் சில கிருமிகள் சோம்பிப் போய் வளரும், சில வளரவே வளராது. இரண்டு வருஷம் மீடியாவைத்தான் திட்டினேன். அப்புறம் ஒருநாள் டயலை நம்பாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்துப் பார்த்தால் 41 காட்டுகிறது. இன்குபேட்டர் சூடாக்கத்தானே தெரியும், குளிர வைக்கத் தெரியாதே! ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அறையே 40 டிகிரி, டயல் மட்டும் சமத்தாக 37ல் நிற்கிறது. அறைக்கு ஏ.சி. போட ஓனர் சம்மதிக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது, அது வேறு கதை.

நாளைக்கே ஒன்று செய். ஒவ்வொரு டப்பாவிலும் எடுத்த நேரத்தை எழுதச் சொல், வந்து சேர்ந்த நேரத்தை நீ எழுது. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டையும் ‘மிக்ஸட் குரோத்’ லிஸ்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரைப் போய்ப் பார்.

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு மாதமாக இருமல். சளியை மைக்ராஸ்கோப்பில் இரண்டு முறை பார்த்து டி.பி. இல்லை என்றார்கள். மூன்றாவதாக சிபிநாட் (டி.பி. கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் டெஸ்ட்) போட்டதும் இருக்கிறது என்கிறார்கள். நடுவில் ஒரு மாதம் போய்விட்டது. முன்பு பார்த்தவர்கள் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்? (வாசகி, வாலாஜாபேட்டை)

பதில்: தூங்கியிருக்கவும் கூடும், ஆனால் தூங்காதவர் கண்ணிலும் தப்பும் தாயி. மைக்ராஸ்கோப்பில் டி.பி. கிருமி தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டும். சிபிநாட்டுக்கு நூற்றி முப்பது சொச்சம் போதும், அதற்கு அடுத்து வந்த அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு இன்னும் குறைவு. கல்ச்சருக்குப் பத்திலிருந்து நூறு இருந்தால் போதும், ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உங்கள் அப்பா நடுவில் எங்கோ இருந்திருக்கிறார்.

ஸ்லைடில் நிஜமாகவே தேட வேண்டுமானால் ஆயில் லென்ஸில் நூறு இடமாவது நகர்த்திப் பார்க்க வேண்டும். நீல நிறத்தில் சிவப்பாக ஒரு சின்னக் குச்சி, அவ்வளவுதான். காலையிலிருந்து நாற்பதாவது ஸ்லைடு என்றால் கண் என்ன செய்யும்? ஆரமின் சாயம் போட்டு எல்.இ.டி. ஃப்ளோரசன்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பில் மஞ்சளாக மின்னும், வேகமாகவும் பார்க்கலாம், பழைய முறையில் தப்புவதில் கொஞ்சம் சேர்த்தும் கிடைக்கும்.

ஆனால் என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி டப்பாவில் வருவது சளியே இல்லை, எச்சில். நுரை நுரையாக, தண்ணியாக இருக்கும். வெறும் எச்சிலில் டி.பி. கிருமியைத் தேடினால் சிபிநாட்டும் கைவிரிக்கும். காலையில் எழுந்ததும், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஆளை விட்டுத் தள்ளி நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து அடிநெஞ்சிலிருந்து இரும வேண்டும். கெட்டியாக, கஞ்சி மாதிரி, 2 மில்லிக்குக் குறையாமல். வராவிட்டால் முந்தின இரவு ஆவி பிடிக்கச் சொல்லலாம். மருந்தை நடுவில் நிறுத்த விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மேல்தொட்டித் தண்ணீரை இரண்டு லேபுக்குக் கொடுத்தோம். ஒன்றில் ஈ.கோலை இல்லை, இன்னொன்றில் இருக்கிறது. அதே நாள், அதே குழாய். (குடியிருப்போர் சங்கம், வாணியம்பாடி)

பதில்: பாலாற்றை ‘நீரில்லா ஆறு’ என்பார்கள், அதன் மணலுக்கடியில் ஊறும் ஊற்றை நம்பித்தான் நாம் இத்தனை பேர் பிழைத்தோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டீர்களா? போட்டிருந்தால் குளோரின் பாட்டிலுக்குள்ளும் போய், லேப் போய்ச் சேரும் வரை கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். அங்கே ‘இல்லை’ என்று வரும், ஆனால் நீங்கள் குழாயில் பிடித்துக் குடித்தது கிருமியோடு இருந்த தண்ணீர். அதற்குத்தான் லேப் கொடுக்கும் ஸ்டெரைல் பாட்டிலில் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு வைத்திருப்பார்கள், குளோரினை அங்கேயே அடக்கிவிடும். ஏதோ தூள் ஒட்டியிருக்கிறது என்று அந்தப் பாட்டிலைக் கழுவிவிடாதீர்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தது எந்த லேபுக்கு என்று விசாரித்துப் பாருங்கள், அநேகமாக ‘இல்லை’ என்று சொன்ன லேபாகத்தான் இருக்கும்.

எவ்வளவு தண்ணீரைச் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்கிறது. 100 மில்லியையும் 0.45 மைக்ரான் துளையுள்ள மெம்பிரேன் வழியாக வடிகட்டி, அந்த வடிதாளையே மீடியாவின் மேல் விரித்தால்தான் ‘ஒன்றுகூட இல்லை’ என்று சொல்ல முடியும். ஒரு மில்லியைப் பிளேட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னால், 99 மில்லியைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். இன்னொரு சங்கதி: குளோரினில் அடிபட்டுச் சாகாமல் குற்றுயிராகக் கிடக்கும் கிருமியை எடுத்தவுடனே பித்த உப்பு, சாயம் எல்லாம் கலந்த கடுமையான மீடியாவில் போட்டால் வளராது. முதலில் சில மணி நேரம் சாதாரண மீடியாவில் தேற்றிவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும். ஜுரத்தில் எழுந்தவனுக்கு முதல் நாளே பிரியாணி போடுவோமா, கஞ்சிதானே?

மலிவாக நீங்களே மாதாமாதம் பார்க்க எச்.டூ.எஸ். பாட்டில் இருக்கிறது, 1982ல் நம்ம நாட்டு விஞ்ஞானிகளே வெளியிட்ட முறை. தண்ணீரைக் கோடு வரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுத்துவிடும். கறுத்தால் லேபுக்குப் போங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பி.சி.ஆர். வந்துவிட்டதே, இன்னும் ஏன் பிளேட்டில் வளர்க்கிறார்கள்? (பிளஸ் டூ மாணவி, திருப்பத்தூர்)

பதில்: பி.சி.ஆர். செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் ‘இருக்கு’ என்று சொல்லும். எந்த மருந்துக்குக் கேட்கும் என்று முழுசாகச் சொல்லாது. அதற்கு உயிரோடு ஒரு காலனி கையில் வேண்டும். ரத்தத்தில் உள்ள ஹீம் மாதிரிச் சில பொருள்கள் பி.சி.ஆரையே நடக்க விடாமல் தடுத்துவிடும், அப்போது ‘நெகட்டிவ்’ என்று வருவது கிருமி இல்லாததால் அல்ல. அதனால் உள்ளே ஒரு கன்ட்ரோல், அதாவது கட்டாயம் ‘இருக்கு’ என்று வர வேண்டிய ஒன்றை, சேர்த்துப் போடுவார்கள். அது ஓடவில்லை என்றால் ரிப்போர்ட்டே செல்லாது. மைக்ரோபயாலஜி படிக்கப் போகிறாயா? போ, நல்ல படிப்பு.

கேள்வி: நோன்புக்கு நாங்கள் காய்ச்சும் கடல்பாசியில்தான் லேபில் கிருமி வளர்ப்பார்கள் என்று என் பேத்தி சொல்கிறாள். நிஜமா? (வாசகி, பேரணாம்பட்டு)

பதில்: நிஜம்தான் அம்மா, அதே சைனா கிராஸ் வகையறாதான், லேபுக்கு வருவது நன்றாகச் சுத்தம் செய்த தூள். ஜெர்மனியில், டி.பி. கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் லேபில் முதலில் ஜெலட்டினில்தான் வளர்த்தார்கள். 37 டிகிரியில் வைத்தால் அது உருகி ஓடும், போதாததற்குச் சில கிருமிகள் அதையே தின்று கரைத்துவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவின் மனைவி ஃபேனி, வீட்டில் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னார், 1881 வாக்கில். கொதிக்கக் கொதிக்கத்தான் கரையும், 40க்குக் கீழே ஆறினால் உறையும், மறுபடி 85 வரை உருகாது. உங்கள் ரோஸ் மில்க் கடல்பாசி வெயிலில் வைத்தாலும் அசையாமல் நிற்கிறதே, அதே குணம்தான். கிருமி வளர்ப்பில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்ல ஒரு இதழ் போதாது, ஆனால் அந்த அம்மாள் பெயரை ரொம்ப நாள் யாரும் சொல்லவே இல்லை.

கேள்வி: லேப் காலை எட்டுக்குத்தான் திறக்கிறது. அதிகாலை யூரின், சளி சாம்பிளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? மாமியார் முகம் சுளிக்கிறார். (வாசகி, ஆற்காடு)

பதில்: யூரின், சளி இரண்டையும் வைக்கலாம், ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். பிளட் கல்ச்சர் பாட்டில், முதுகுத்தண்டு நீர் இரண்டையும் ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மூளைக் காய்ச்சல் கிருமிகளில் சில குளிர்பட்டால் செத்துவிடும். அவை எப்படியும் ஆஸ்பத்திரியில்தான் எடுப்பார்கள், உங்களுக்குக் கவலை இல்லை.

மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் சேகரித்த ரத்தத்தின் சீரத்தைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தார். அப்புறம் ஐஸ் பெட்டியில் போட்டு ராத்திரி ரயிலேறி காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். ஜேக்கப் ஜான் இருந்த வைராலஜி துறையில் எலைசா போட்டதில் ஆறு சாம்பிள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான். வழியில் எங்காவது ஐஸ் உருகி சாம்பிள் கெட்டிருந்தால் என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

மூடியை இறுக்கி, கவரில் கட்டி, அதை ஒரு பழைய டப்பாவுக்குள் வைத்து, பெயரும் நேரமும் எழுதிக் கீழ்த்தட்டில் வையுங்கள், மாவுப் பாத்திரத்திலிருந்து தள்ளி. வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் விடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை சொல்லாமல் வைத்து, காலையில் என் மாமியார் ‘ஏதோ கெட்டுப்போன ரசம்’ என்று எடுத்துக் கொட்டிவிட்டு டப்பாவையும் கழுவிக் கவிழ்த்திருந்தார், மறுநாள் திரும்பவும் அதிகாலையில் எழுந்தோம்.